காலியாகப் பறந்த பின்சீட்டு

கமிஷ்னி, குபான்
1968 பிப்ரவரி 11

மகராசி நோன்னா அர்காதியெவ்னா,

சுகமாக இருக்கிறீர்களா? உங்கள் சரத்தோவில் பனி எப்படி? முட்டிவலி உண்டா? எனக்கு உண்டு. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது. நலம் கேட்காமல் காரியம் பேசுகிறவனை எங்கள் பக்கத்தில் வரி வசூலிக்க வந்தவன் என்பார்கள்.

என் பெயர் ப்ரோஹர் சவேலிச். கூட்டுப்பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது குதிரைகளும் போய்விட்டன, நானும் வீட்டோடு இருக்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் தபால்காரி ஃபேன்யா. என் பேச்சை நேராக்கி, பள்ளிக்கூடத்துப் பேச்சாக மாற்றிப் போடுகிறாள். தப்பு இருந்தால் அவளுடையது. (இல்லை. ஃபேன்யா.)

நீங்கள் எங்கள் ஊர் மன்றமான கிராம சோவியத்துக்கு எழுதிய கடிதத்தைத் தலைவர் கவ்ரிலா படித்துவிட்டு மேசையில் போட்டிருந்தார். '43 வசந்தத்தில் எங்கள் பக்கம் ஒரு சின்ன இரட்டை இறக்கை விமானம் விழுந்ததா, அதை ஓட்டியவளைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் இப்படி எழுதுகிறீர்களாம். ஃபேன்யாதான் அதை என்னிடம் கொண்டுவந்தாள். ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு விமானியின் கல்லறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

ஆனால் அம்மா, வீண் ஆசை வைக்காதீர்கள். எங்களிடம் இருப்பது ஆண்பிள்ளை. நீங்கள் தேடுவது பெண்.

சொல்கிறேன், கேளுங்கள். அப்போது ஜெர்மன்காரன் ஊருக்குள் இருந்தான். பசி. காயலுக்கு அந்தப் பக்கத்து நாணலில் நீர்க்கோழி முட்டை பொறுக்கப் படகில் போனோம், நானும் என் மலான்யாவும். அவள் கெண்டை மீனுக்கு உப்புப் போடுகிற பக்குவம் இந்த மாவட்டத்தில் யாருக்கும் வராது, அதைத் தனியாக ஒருநாள் சொல்கிறேன். முட்டை தேடிய இடத்தில் ஒரு விமானம் மூக்கு குத்தி நின்றது. எப்போது விழுந்ததோ தெரியாது. அந்த வசந்தத்தில் அவை தினமும் வந்தன, ஒன்று போனால் ஒன்று. பலகையும் துணியும்தான், வேறொன்றும் இல்லை. எங்கள் கோழிக்கூடு அதைவிடக் கெட்டி. உள்ளே ஒரு பையன். ஒட்ட வெட்டிய முடி, மீசைகூட அரும்பவில்லை. ரோமக் கோட்டோடு அப்படியே தூக்கிவந்து, பிளம் தோப்பு ஓரத்தில் அவசர அவசரமாகப் புதைத்தோம். குளிப்பாட்டவில்லை, உடை மாற்றவில்லை. ஜெர்மன்காரன் பார்த்தால் எங்களையும் பக்கத்தில் படுக்க வைத்திருப்பான்.

பூட்ஸை மட்டும் கழற்றிக்கொண்டோம். குறையாக நினைக்காதீர்கள், உயிரோடிருப்பவர்களுக்குக் கால் இருந்தது. அவ்வளவு பெரிய பூட்ஸுக்குள் அவ்வளவு சின்னக் கால்! இடையில் வைக்கோல் திணித்திருந்தான். காலில் சுற்றியிருந்த துணியில் நீல நூலால் ஒரு பூ தைத்திருந்தது. "எந்தப் புள்ள இவனுக்குத் தச்சுக் குடுத்தாளோ, அவ இன்னும் வாசலப் பாத்துட்டு நிப்பா"ன்னு மலான்யா அழுதாள், அவிழ்த்த துணியைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் அவனுக்கு வான்யா என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு மே 9, வெற்றிநாளில் ஒரு கிளாஸ் வோட்கா ஊற்றி, மேலே ரொட்டித் துண்டு வைத்து, அவனோடு கொஞ்சம் பேசிவிட்டு வருவேன். நல்ல பையன், குறுக்கே பேச மாட்டான்.

தேவமாதா எங்களோடு பேசியதும் அதே வசந்தத்தில்தான். ஆனால் அது வேறு கதை. தாள் தீர்கிறது என்று ஃபேன்யா முறைக்கிறாள்.

உங்கள் பெண் வேறெங்காவது கிடைக்கட்டும்.

ப்ரோஹர் சவேலிச்


சரத்தோவ்
1968 பிப்ரவரி 24

ப்ரோஹர் சவேலிச் அவர்களுக்கு,

வணக்கம். முட்டிவலி உண்டு.

உங்கள் கடிதத்தை டிராம் பணிமனையில் வேலை நேரத்தில் படித்தேன். இரண்டு வண்டிகளைத் தவறான தடத்தில் அனுப்பிவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் இதுதான் முதல் தடவை.

அந்தத் துணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் படைப்பிரிவில் எல்லோரும் பெண்கள். ஓட்டுகிறவள், பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக் குண்டு போடுகிறவள், எஞ்சினைப் பழுது பார்க்கிறவள், குண்டுகளைச் சுமந்து வந்து மாட்டுகிறவள், எங்களுக்கு உத்தரவு போடுகிறவள், எல்லோரும். ஆனால் ராணுவம் எங்களுக்குக் கொடுத்தவை ஆண்களின் பூட்ஸ், ஆண்களின் உள்ளாடை. வைக்கோல் திணிக்காமல் எங்களில் யாரும் நடந்ததில்லை. உள்ளாடையாகக் கொடுத்த நீலக் கம்பளிக் கால்சட்டையிலிருந்து நூலை உருவி, காலில் சுற்றும் துணியில் பூ தைத்துக்கொள்வோம். அரசாங்கச் சொத்தைப் பிரித்ததற்காக எனக்கும் கிளாஷாவுக்கும் தண்டனைகூடக் கிடைத்தது. தண்டனைக் காலத்திலும் தைத்தோம்.

கிளாஷா, கிளாஃபிரா. நான் தேடுகிறவள். அவள் ஓட்டினாள், நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இடது துணியில் ஐந்து இதழ் வைத்தாள். வலது துணியில் மூன்றாவது இதழோடு நூல் தீர்ந்துவிட்டது. "மீதி ரெண்டும் பெர்லின்ல போயித் தச்சுக்கிறேன்"னாள்.

நீங்கள் ஒரு பூவைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இன்னொரு துணி இருக்கிறதா? அதில் எத்தனை இதழ்?

ஏன் கேட்கிறேன் என்றால், அவளுடைய அம்மா மார்ஃபா லுகீனிச்னா வோல்ஸ்கில் உயிரோடு இருக்கிறார். அவர் கையில் இருப்பது "காணாமல் போனாள்" என்ற ஒரு வரி. இறந்தாள் என்று வந்திருந்தால் தெருவே வந்து அழுதிருக்கும். காணாமல் போனாள் என்றதும் தெரு வேறு பேச்சுப் பேசுகிறது. "ஒம் மக ஜெர்மன்காரன்கூடப் போயி சொகமா இருக்காளாமே?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்கிறார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. முழுதும் அணைவதற்குள் மகளின் கல்லறையில் மகளின் பெயரைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் கல்லில் அந்தப் பெயரை வெட்ட முடியுமா? வெற்றிநாளுக்கு அவரை அழைத்துவருகிறேன்.

நோன்னா


கமிஷ்னி
1968 மார்ச் 9

நோன்னா அர்காதியெவ்னா,

இந்த முறை நலம் கேட்கவில்லை. கோபமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கவ்ரிலாவிடம் போனேன். அவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"கவ்ரிலா, அந்தக் கல்லுக்குக் கீழ கெடக்கிறது பொம்பளப் புள்ளயாம்யா."

"எந்தக் கல்லுக்கு?"

"நம்ம வான்யா."

விதையெல்லாம் மேசையில் சிதறச் சிரித்தார். "ஏம்ப்பா, காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டியா? பொம்பள ராத்திரியில ஏரோப்ளேன் ஓட்டி, பொம்பளயே குண்டு போட்டாளாமா? எம்பொண்டாட்டி வாளியக் கெணத்துல நேரா எறக்கட்டும் மொதல்ல!"

"கடுதாசில எழுதியிருக்கே."

"இந்தா பாரு. கல்லுல 'பெயர் தெரியாத விமானி, தாய்நாட்டின் மகன்'னு வெட்டியாச்சு. மாவட்டத்துக்கு எழுதியும் போயாச்சு. இனி அவனே எந்திரிச்சு வந்து நான் பொண்ணுதான்னு சொன்னாலும் நாங்க ஒத்துக்க முடியாது."

ஊரே சிரித்தது. கடைக்காரி என்னைப் பார்த்து, "தாத்தா, வான்யாவுக்கு மே மாசம் வோட்காவா, பாவாடையா?" என்றாள்.

சிரிப்பை விடுங்கள். எனக்குச் சிரிப்பு பழக்கம். ஒருமுறை எங்கள் கழுதை கட்சிக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது... இல்லை, இன்று கதை சொல்லும் மனசு இல்லை.

எனக்கு ஒரு மகன் இருந்தான். இவான், வான்யா. '41 இலையுதிர் காலத்தில் வியாஸ்மா பக்கம் சண்டைக்குப் போனான். எங்களுக்கும் அதே ஒரு வரிதான் வந்தது: காணாமல் போனான். எங்கே கிடக்கிறானோ, யார் மண் போட்டார்களோ. நாணலிலிருந்து அந்தப் பையனைத் தூக்கி வந்தபோது மலான்யாவிடம் சொன்னேன்: "நாம இவனப் பாத்துப்போம். நம்ம பையனை அங்க எவனாச்சும் பாத்துப்பான்." அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பனியில் சறுக்கி விழுந்து எழுந்து போயும் அடித்தேன்.

இப்போது நீங்கள் ஒரு பெயரோடு வந்து எங்கள் பையனைக் கேட்கிறீர்கள். உங்களுக்குப் பெயர் இருக்கிறது, படம் இருக்கும், நினைவு இருக்கிறது. எங்களிடம் ஒரு கல்தான் இருக்கிறது.

துணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலான்யா பெட்டியைத் திறந்தாள், துணிகளை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க"ன்னாள். மூடி வைடி என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். நான் பார்க்கவில்லை.

இனி எழுதாதீர்கள்.

ப்ரோஹர்

(அம்மா, எழுதுங்கள். ஃபேன்யா.)


சரத்தோவ்
1968 மார்ச் 25

மதிப்புக்குரிய ப்ரோஹர் சவேலிச்,

எழுதாதீர்கள் என்றீர்கள். எழுதாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

கல்லை மாற்ற வேண்டாம். வான்யா வான்யாவாகவே இருக்கட்டும். மார்ஃபா லுகீனிச்னாவை அழைத்துவந்து அங்கே கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறேன், அது போதும். உங்கள் மகனைப் பற்றிப் படித்த பிறகு எந்த உரிமையில் வேறு எதையும் கேட்பது என்று தெரியவில்லை.

ஆனால் அங்கே படுத்திருப்பவள் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷம் அவளோடு பேசியிருக்கிறீர்கள்.

அவள் குள்ளம். விமானத்தின் மிதிகட்டைக்குக் கால் எட்டாது, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டுவாள். எங்கள் விமானத்துக்குக் கூரை இல்லை. மார்ச் மாதக் காற்று முகத்தில் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பாராசூட் இல்லை, அந்த எடைக்கும் குண்டு ஏற்றிக்கொள்வோம். போவோம், போடுவோம், திரும்புவோம். இறங்குவதற்குள் பெண்கள் குண்டோடு ஓடிவருவார்கள், மறுபடி போவோம். விடியும் வரை இப்படித்தான். கடைசித் தடவை இறங்கும்போது அவள் தூங்கிவிடாமலிருக்க நான் பின்னாலிருந்து கம்பால் அவள் தோளில் குத்துவேன்.

இலக்கு நெருங்கியதும் எஞ்சினை அணைத்துவிடுவாள். அந்த அமைதியை எப்படிச் சொல்வது? இறக்கைக் கம்பிகளில் காற்று மட்டும் சீட்டியடிக்கும். கீழே ஒரு நாய் குரைப்பது கேட்கும், மண் வாசனை வரும். தேடுவிளக்கு ஒன்று நம்மைத் தொட்டால் உலகமே வெள்ளையாகிவிடும், சொந்தக் கையே தெரியாது. அப்போதும் அவள் முன்னாலிருந்து கத்துவாள்: "ஏ கோழி, உசுரோட இருக்கியா?" எல்லோருமே அவளுக்குக் கோழிகள்தான். மெக்கானிக்குகள் கோழிகள், தளபதிகூட முதுகுக்குப் பின்னால் கோழி. அவள் அம்மா வோல்ஸ்க் ரயிலடியில் கோழி வளர்த்துக் குடும்பம் நடத்தியவர். ஆபத்து வந்தால் இவளுக்கு வாயில் வேறு வார்த்தை வராது: "ஏ கோழிகளா, ஓடுங்க!"

அவள் போன அன்று எனக்குக் குபான் சதுப்பு நிலத்துக் குளிர்காய்ச்சல், பல் கிட்டித்துப் படுத்திருந்தேன். வேறு ஆள் இல்லை. "தனியாவே போறேன், கனம் குறைஞ்சா கோழி எறகு மாதிரி மெதக்கும்"னு சொல்லித் தளபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டாள். உங்கள் பக்கத்து ஆற்றுக்குக் குறுக்கே ஜெர்மன்காரன் போட்டுக்கொண்டிருந்த கட்டைப்பாலம்தான் இலக்கு. போகும்போது என் போர்வையை இழுத்துவிட்டாள். "தூங்கு கோழி. விடியறதுக்குள்ள வந்துடுவேன்."

பின்சீட்டு காலியாகப் போனது. பாலம் உடைந்தது என்று பிறகு தெரியவந்தது. அவள் வரவில்லை.

போர் முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். "என்ன பண்ணினீங்கன்னு அதிகம் பேசிக்கிட்டிருக்காதீங்க"ன்னு ஒரு பெரிய மனிதர் சொன்னார். பேசவில்லை. பணிமனையில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. நான் போர்க்காலத்தில் சமையல்காரியாக இருந்தேன் என்று நினைக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கும் யாரோ ஒருவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கட்டும்.

நோன்னா


கமிஷ்னி
1968 ஏப்ரல் 7

மகளே நோன்னா,

உட்கார்ந்துகொண்டு படி. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் கடிதத்தை ஃபேன்யா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். நான் வலை பின்னிக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். கோழிகள் என்று வந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். மலான்யா கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. கெட்டிப் பாத்திரம், என் மாமனார் சீர் கொடுத்தது, உடையவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தேவமாதா பேசிய கதையை அன்று சொல்லாமல் விட்டேன் அல்லவா? இப்போது சொல்கிறேன்.

கட்டைப்பாலத்தை யார் போட்டார்கள் என்று நினைக்கிறாய்? நாங்கள்தான். பகலில் உங்கள் விமானங்களுக்குப் பயந்து ஜெர்மன்காரன் ராத்திரியில் எங்களை ஓட்டிக்கொண்டு போவான். ஊரே மரம் தூக்கியது. நான் இருந்தேன், மலான்யா இருந்தாள். கவ்ரிலா அப்போது ஒல்லி, இப்போது சொன்னால் நம்ப மாட்டாய். ஃபேன்யாவின் அம்மா நிறைமாத வயிற்றோடு ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் இருந்தவள்தான் இதை எழுதுகிறவள்.

முதலில் தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் வானத்தில். பிறகு நட்சத்திரம் கழன்று விழுந்த மாதிரி ஒரு வெளிச்சக் குண்டு. ஜெர்மன்காரன் எல்லாம் குழியில் குதித்துவிட்டான். நாங்கள் பாலத்தின் நடுவில் வெள்ளை வெளேரென்று, உரித்த உருளைக்கிழங்கு மாதிரி நின்றோம். குண்டு வரப்போகிறது, முடிந்தது கதை என்று நினைத்தேன். குண்டு வரவில்லை. சத்தம் நின்றது. வானம் மூச்சை அடக்கிக்கொண்டது. கொடியில் காயும் துணி காற்றில் அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ஓசை, தலைக்கு மேலே, வெகு தாழ்வாக. பிறகு ஒரு பெண் குரல்.

மகளே, இந்தக் கிழவன் நிறையக் கதை விடுவேன். இதை விடவில்லை. தேவாலயத்து மணியை மூன்று தெரு தள்ளி நின்று கேட்கிற மாதிரி, அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"ஏ கோழிகளா! ஓடுங்க! பாலத்த விட்டு ஓடுங்க!"

ஓடினோம். ஃபேன்யாவின் அம்மாவை நானும் கவ்ரிலாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினோம். அந்த ஓட்டத்தில் கவ்ரிலாவின் ஒரு பூட்ஸ் போய்விட்டது. நாணலில் விழுந்து முகத்தைச் சேற்றில் புதைத்தோம். அதற்குள் ஜெர்மன்காரன் விழித்துக்கொண்டான். விளக்குகள் எழுந்தன, துப்பாக்கிகள் எழுந்தன. மேலே மறுபடி எஞ்சின் சத்தம் கேட்டது, தூரப் போய், திரும்பி வந்தது. இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. முதல் தடவையே போட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு விளக்கும் அவளைப் பிடித்திருக்காது. எங்களுக்காக ஒரு சுற்று அதிகம் சுற்றினாள். அத்தனை விளக்கும் துப்பாக்கியும் விழித்த பிறகு, அவற்றுக்குள்ளேயே திரும்பி வந்தாள். பாலம் போயிற்று. பிறகு இருட்டு.

எங்களில் ஒருவருக்கும் காயம் இல்லை.

அன்றுமுதல் வருஷா வருஷம் அதே இரவில் பாலம் இருந்த இடத்துக்குப் போய், பலகைத் துண்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் விடுகிறோம். தேவமாதாவுக்கு. கவ்ரிலா தலைவர், கட்சிக்காரர், வரக்கூடாது. இருட்டில் தனியாக வந்து தன்னுடையதை விட்டுவிட்டுப் போவார், நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். ஒரே ஒரு சண்டைதான் தீராமல் இருந்தது: தேவமாதா எதற்கு எங்களைக் கோழி என்று கூப்பிட்டாள்? ஊர் உபதேசியாரின் விதவை வேதத்திலேயே ஆதாரம் காட்டினாள், கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கிறது என்று வருகிறதாம். எல்லோரும் தலையாட்டினோம்.

இந்தப் பக்கம் மெழுகுவர்த்தி, அந்தப் பக்கம் வோட்கா. ஆற்றில் ஒருத்தி, தோப்பில் ஒருவன். குரல் பெண்குரல், விமானம் ஆண்பிள்ளைச் சமாச்சாரம். இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவோம்? அவள் சொல்லித்தான் நாங்கள் ஓடினோம், ஓடிப் பிழைத்த நாங்களே அவளைத் தூக்கிவந்து புதைத்தோம், புதைத்துவிட்டு அவளுக்கு ஆண்பிள்ளைப் பெயர் வைத்தோம்.

ஃபேன்யா கடிதத்தை எடுத்துக்கொண்டு கவ்ரிலாவிடம் ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ப்ரோஹர்," என்றார், "அந்தப் புள்ள என்ன உசரம் இருக்கும்?"

"ஒன் தோளுக்கு வராது."

"ம்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அந்த 'மகன்'ங்கிற வார்த்தைய உளியால எடுத்துரு."

"மாவட்டத்துக்கு எழுதிப் போயாச்சுன்னியே?"

"மாவட்டம் அன்னைக்குப் பாலத்துல நின்னுச்சா?"

வீட்டுக்கு வந்து மலான்யாவிடம், பெட்டியைத் திற என்றேன். வலது துணியில் மூன்று இதழ். நூல் அறுந்த இடத்தில் ஒரு சின்ன முடிச்சு. விரலால் தடவிப் பார்த்தேன்.

அம்மாவை அழைத்து வா.

ப்ரோஹர் சவேலிச்


சரத்தோவ்
1968 ஏப்ரல் 16

ப்ரோஹர் சவேலிச்,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வோல்ஸ்குக்குப் போனேன். மார்ஃபா லுகீனிச்னாவுக்குப் படித்துக் காட்டினேன். பாலம் வரும் வரை அசையாமல் கேட்டார். கோழிகள் வந்ததும் தலைத்துணியின் முனையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். "கழுத, அங்கயும் போயிக் கோழி மேச்சிருக்கா பாரு" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மறுநாள் காலையில் வாளியோடு குழாயடிக்குப் போனார், தண்ணீர் தேவையில்லாமலே. அங்கே என்ன சொன்னார் என்று தெரியாது. அந்தத் தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வாசலில் நின்றார்கள். அவர் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை.

மே 8 காலை ரயில். எனக்கு ஒருநாள்தான் விடுப்பு, மறுநாள் மாலையே திரும்ப வேண்டும். அவரைக் கொஞ்சநாள் அங்கே வைத்துக்கொள்ள முடியுமா?

உங்கள் வான்யாவை நினைத்தபடியேதான் இதை எழுதுகிறேன். அந்தக் கல் உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

நோன்னா


கமிஷ்னி
1968 ஜூன் 2

மகளே நோன்னா,

நலமா? டிராம் எல்லாம் சரியான தடத்தில் போகிறதா? இங்கே வெயில் ஏறிவிட்டது. காயலில் கெண்டை துள்ளுகிறது. மலான்யாவும் உங்கள் மார்ஃபாவும் உப்புப் போடுகிற பக்குவத்தில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். இப்போது பேசுகிறார்கள், எனக்கெதிராக.

நீ இருந்தபோது நடந்ததை நீயே பார்த்தாய். கல்லின் மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவி மகளின் பெயரைப் படித்தாரே, ஊரே மூச்சு விடாமல் நின்றதே, அது போதும், அதை நான் சொல்லிக் கெடுக்க மாட்டேன். கவ்ரிலா உன் முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தபோது தொப்பி பறந்ததையும் சொல்ல மாட்டேன். கடைக்காரி இப்போது உன் பெயரைச் சொல்லித்தான் மாவு நிறுக்கிறாள்.

நீ ரயிலேறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வழக்கப்படி கல்லறையில் பறவைகளுக்குத் தினை தூவ மூவரும் தோப்புக்குப் போனோம். தூவி முடித்துவிட்டு மார்ஃபா என்னிடம் கேட்டார்: "வான்யா வான்யான்னு கூப்பிட்டீங்களாமே? யாருங்க அது?"

நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மலான்யா சொன்னாள். வியாஸ்மா, அந்த ஒரு வரி, எல்லாம். சொல்லி முடித்து, "அது கெடக்குதுங்க. இப்ப ஒங்க மக எடம்"னாள்.

மார்ஃபா கல்லைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஃபேன்யா, நீ எழுது, நிறுத்தாதே. மார்ஃபா சொன்னார்: "அன்னைக்குப் பின்சீட்டு காலியாத்தான இருந்துச்சு? ஒங்க பையன் அதுல உக்காந்துக்கட்டும். எவ்வளவு தூரம்தான் அவளும் தனியாப் போவா?"

மகளே, அது உன்னுடைய சீட்டு. உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே.

கிளாஃபிராவுக்குக் கீழே சின்ன எழுத்தில் இவான் என்று நானே உளி பிடித்து வெட்டினேன். எழுத்து வராதவன் வெட்டிய எழுத்து, கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஃபேன்யா தரையில் குச்சியால் எழுதிக் காட்ட, பார்த்துப் பார்த்து வெட்டினேன். கவ்ரிலா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "சட்டத்துல எடமில்ல ப்ரோஹர்"னார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, நான் வெட்டி முடிக்கும் வரை தோப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த வருஷம் மெழுகுவர்த்தியை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று உபதேசியாரின் விதவையைக் கேட்டோம். "தேவமாதா யார் வாயால பேசணும்னு அவளுக்குத் தெரியாதா? விடுங்கடா"ன்னாள். விட்டோம்.

மார்ஃபாவை இலையுதிர் காலத்துக்கு முன் அனுப்ப மாட்டோம். அவர் வந்தபிறகு எங்கள் கோழிகள் இரட்டிப்பாக முட்டை இடுகின்றன. அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். அத்தனை தாழ வந்து எங்களைக் கூப்பிட்டாளே, அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லையே, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி அல்லவா இருந்தது, பயமே தெரியாதா உங்கள் மகளுக்கு என்று. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், வேறு பேச்சு வந்துவிடும். இன்றைக்குக் கட்டாயம் கேட்டுவிடுவது என்று

இரு, முற்றத்தில் மார்ஃபா கூப்பிடுகிறார். மீன்சாறு ஆறுகிறதாம்.

"ஏ கோழிகளா! எங்க இருக்கீங்க? ஓடியாங்க!"

ஃபேன்யா ஒரு கணம் பேனாவைத் தூக்கிவிட்டாள், மறுபடி எழுதுகிறாள். மலான்யா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். மகளே, அதே குரல், தலைக்கு மேலே அன்றைக்குக் கேட்ட அதே